பதக்கம் தொங்க ஒரு கொக்கி

நாட்டின் தலைவர் தன் கையாலேயே பதக்கம் குத்துகிறார் என்று டிவியில் பார்க்கிறவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எதையும் குத்துவதில்லை. வரிசையாக வருகிற அத்தனை பேர் நெஞ்சிலும் அவர் ஊசி ஏற்ற ஆரம்பித்தால் விழா முடிவதற்குள் நாலு பேருக்காவது ரத்தம் வந்துவிடும். அதனால் மேடைக்குப் பின்னால் இருக்கும் நீளமான அறையில், விருது வாங்க வந்தவர்களை நிற்க வைத்து, இடது மார்பில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கியை முன்கூட்டியே குத்தி அனுப்பிவிடுவார்கள். தலைவர் செய்ய வேண்டியதெல்லாம் பதக்கத்தின் வளையத்தை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு, கைகுலுக்கி, கேமராவைப் பார்த்துச் சிரிப்பதுதான். துணி காயப்போடுவதைவிடச் சுலபம்.

அந்தக் கொக்கியைக் குத்துகிறவளுக்கு அரசு மாளிகையில் கொக்கியக்கா என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வாசல் காவலர் முதல் விழா அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் கொக்கியக்காதான். அவளைவிட வயதில் மூத்த தோட்டக்காரர்கூட வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடாவிட்டால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கும். தையல்காரியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாளிகைத் திரைச்சீலைகளை அளவெடுக்காமல் வெட்டச் சொன்ன மேலாளரைப் பார்த்து, "உங்க வீட்டு ஜன்னலுக்கு இப்படித்தான் வெட்டுவீங்களா?" என்று கேட்டவள். மேஜை விரிப்பு, காவலர் சீருடை, விருந்தினர் அறை உறை என்று மாளிகையின் துணி எல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். தையல் பிரிந்து திரும்பி வந்த துணி என்று ஒன்று அவள் அறையில் கிடையாது. வந்தால் அது வேறு யாரோ தைத்ததாக இருக்கும், அவர்களுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை.

கொக்கி வேலை அவளிடம் வந்ததே இந்தக் கோபத்தால்தான். முன்பெல்லாம் விருது நாளன்று யார் கைக்கு வாகாக இருக்கிறார்களோ அவர்கள் குத்திவிடுவார்கள். ஒருமுறை வயதான விஞ்ஞானி ஒருவர், கொக்கி சாய்ந்து, பதக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வந்தார். பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. "பெரிய மனுஷன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு வர்றாரு, எல்லாரும் சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டு, மறுவருஷத்திலிருந்து ஊசிப்பெட்டியோடு தானே வந்து நின்றுகொண்டாள். யாரும் தடுக்கத் துணியவில்லை.

அவளுக்கு ஒரு முறை உண்டு. கோட்டின் மேல்துணியை மட்டும் பிடித்துக் குத்தமாட்டாள். உள்ளே ஓடும் துணியையும் சேர்த்துப் பிடித்து, ஊசியை உள்ளே இறக்கி, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே இறக்குவாள். பிறகு ஆட்காட்டி விரலைக் கொக்கியில் மாட்டிக் கீழே ஒரு இழு இழுப்பாள். ஆள் லேசாக முன்னால் வந்தால் சரி. விருது வாங்கப் போகிற பெருமையில் நெஞ்சை விரித்து நிற்கிறவர்களிடம், "மூச்சை விடுங்க. மேடையில போய் நிமிர்ந்துக்கலாம்" என்பாள். தளபதியானாலும் சரி, நீதிபதியானாலும் சரி, அவள் சொன்னால் மூச்சை விட்டுவிடுவார்கள்.

இத்தனை கோபக்காரிக்கு விருது என்றால் மட்டும் ஒரு மரியாதை. ஊர்பேர் தெரியாத பள்ளியில் பிள்ளைகளுக்காக ஓடாய்த் தேய்ந்த வாத்தியார், தொழுநோய் ஆஸ்பத்திரியிலேயே வாழ்க்கையைக் கழித்த டாக்டரம்மா, இவர்கள் நெஞ்சை எல்லாம் தன் விரலால் தொட்டிருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. விருது நாளன்று வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூட உட்காராமல் புருஷனிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் தட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். நாடு யாரையும் மறக்கவில்லை என்று அவள் மனதார நம்பினாள். நம்பினவளுக்குத்தான் பிற்பாடு வயிறு எரிந்தது.

புருஷன் ஆம்புலன்ஸ் டிரைவர். பேச்சே கிடையாது. அவள் பேசுவதில் பத்தில் ஒரு பங்கு அவர் பேசியிருந்தால் அந்த வீட்டில் மகளுக்குப் பேச இடமே கிடைத்திருக்காது. அவர் தொழிலில் அப்படி ஒரு பழக்கம். வண்டியில் இருக்கும் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறாய் என்றால் இடம். எத்தனை பேர் என்றால் எண்ணிக்கை. கூட ஒரு வார்த்தை பேசினால் வேறு ஒரு வண்டியின் அவசரம் அதில் மூழ்கிப்போகும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறி வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்டால்தான் நன்றாக இருக்கிறது என்பார். கேட்காவிட்டால் அமிர்தத்தை வைத்தாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போவார்.

"உங்களை மாதிரி ஆளோட குடும்பம் நடத்தினதுக்கே எனக்கு ஒரு பதக்கம் தரணும்" என்பாள் அவள்.

"கோபத்துக்குன்னு ஒரு விருது வெச்சா வருஷா வருஷம் உனக்குத்தாம்மா" என்பாள் மகள். வங்கியில் வேலை பார்க்கிறவள். வாய் அம்மாவைக் கொண்டது, பொறுமை அப்பாவைக் கொண்டது.

வெள்ளம் வந்த அன்று பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஆறு பாலத்தைத் தொட்டுவிட்டது. அக்கரையில் பழைய ஆஸ்பத்திரி. அதில் குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் வார்டு. மின்சாரம் போய், ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்து, கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் அணைந்துபோயின. ஆம்புலன்ஸ் துறையின் இயக்குநர் தன் அறையிலிருந்து ரேடியோவில் ஓர் உத்தரவு போட்டார். எந்த வண்டியும் பாலத்தைக் கடக்கக் கூடாது. வண்டிக்கு ஏதாவது ஆனால் டிரைவர்தான் பொறுப்பு.

எல்லா வண்டிகளும் நின்றன. அவள் புருஷனும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அக்கரையிலிருந்து ஒரு நர்ஸ் துண்டை வீசிக் காட்டினாள். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியைப் பாலத்தில் ஏற்றினார்.

தண்ணீர் சக்கரத்தைத் தள்ளத் தள்ள, போனார், வந்தார். மறுபடி போனார். நர்ஸும் அவரும் குழந்தைகளைத் துணியில் சுற்றி, சலவைத் துணி போடுகிற கூடையில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். கடைசி நடையில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரில் மோதி நசுங்கி நின்ற வண்டியை விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. நெஞ்சில் அவள் தைத்துக்கொடுத்த பெயர்ப்பட்டை மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"வண்டி போச்சு" என்றார்.

மிச்சத்தை அவள் மறுநாள் அந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

விசாரணை வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் இயக்குநரே உட்கார்ந்திருந்தார். உத்தரவு கிடைத்ததா என்று கேட்டார்கள். கிடைத்தது என்றார் புருஷன். மீறினாயா என்றார்கள். மீறினேன் என்றார். வண்டி சேதமானதா? ஆனது. அவ்வளவுதான். வேலையை விட்டு நீக்கினார்கள். பெயர்ப்பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, சட்டைத் துணியோடு சேர்த்து வெட்டி எடுத்துக்கொண்டார்கள். நெஞ்சில் ஓட்டையோடு அவர் வீட்டுக்கு நடந்து வந்தார்.

அதைப் பார்த்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"ஏன் போனேன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன, பூட்டா போட்டிருக்கீங்க?"

"ஏன் போனேன்னு அவங்க கேக்கலியே" என்றார் அவர்.

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? அடிக்கவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு அவளே இயக்குநரைப் பார்க்கப் போனாள். வாசல் பெஞ்சில் காத்துக் கிடந்தாள். காருக்கும் கதவுக்கும் நடுவில் ஒருநாள் வழிமறித்து, நடந்ததைச் சொல்லி, நீக்கிய உத்தரவை ரத்து செய்யும்படி கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பார்க்கலாம்மா" என்றார். மறுபடி போனபோதும் அதேதான். அந்த 'பார்க்கலாம்' மாதிரி வேறு எந்த வார்த்தையையும் அவள் வெறுத்ததில்லை. பார்க்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மனுஷன் என்று மதித்திருப்பாள்.

புருஷன் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் தலை நிமிரும். எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுப்பார். சத்தம் தேய்ந்ததும் மறுபடி குனிந்துகொள்வார். அவள் திட்டினாலும் சிரிப்பதில்லை. வண்டியை உடைத்த டிரைவர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை எடுத்துப்போட முடியாமல் அவள் தினமும் வெந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருஷத்து விருது ஒத்திகை வந்தது.

விழாவுக்கு முதல் நாள் மாளிகையில் எல்லாம் ஒருமுறை நடத்திப் பார்ப்பார்கள். விருது வாங்குகிறவர்களுக்குப் பதிலாகத் தோட்டக்காரர்தான் ஒவ்வொரு தடவையும் மேடையேறுவார். மைக்கில் விருதுக் குறிப்பு முழுசாக வாசிக்கப்படும், அவர் நடந்து வந்து வணங்கிவிட்டுப் போவார். ஒரு மணி நேரத்துக்கு விஞ்ஞானி, டாக்டர், தளபதி எல்லாம் அவர்தான். அன்றும் கொக்கியக்கா அவருடைய கடன் வாங்கிய கோட்டில் கொக்கியைக் குத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கில் வாசித்தார்கள். பெருவெள்ளத்தின்போது தன் உயிரையும் பொருட்படுத்தாமல், மூழ்கும் பாலத்தின் வழியே மீட்பு வாகனத்தை அனுப்பி, பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்றிய துணிவுக்காகவும் தலைமைப் பண்புக்காகவும், ஆம்புலன்ஸ் துறையின் இயக்குநருக்கு நாட்டின் உயரிய சேவைப் பதக்கம் வழங்கப்படுகிறது.

அவள் விரல் கொக்கியில் மாட்டியபடியே நின்றுவிட்டது. தோட்டக்காரர், "அக்கா, விடுங்க, கூப்பிடறாங்க" என்றார். அவள் விடவில்லை. "அக்கா, கோட்டு இரவல் கோட்டு" என்று கெஞ்சினார். அப்புறம்தான் விரலை எடுத்தாள். இயக்குநருக்காகத் தோட்டக்காரர் மேடையேறி வணங்கினார். பாவம், அந்த ஆளைவிட அவருக்கு அந்தப் பதக்கம் பொருத்தமாக இருந்திருக்கும். செடிக்காவது தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

உயிரையும் பொருட்படுத்தாமலாம். எந்த உயிர்? ரேடியோ முன்னால் உட்கார்ந்து காபி குடித்த உயிரா? போகாதே என்றவனுக்குப் பதக்கம், போனவனுக்குக் கத்தரிக்கோல். இத்தனை வருஷம் தான் தொட்ட நெஞ்சுகளில் இந்த மாதிரி எத்தனை இருந்ததோ என்று நினைத்தபோது அவளுக்குத் தன் விரல்களையே கழுவ வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். சொல்லவில்லை, கொட்டினாள். புருஷன் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்து, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டதும், "விடு, போகட்டும்" என்றார்.

"என்னத்த விடறது? உங்க நெஞ்சில ஓட்டை போட்டு எடுத்ததை அவன் நெஞ்சில மாட்டப் போறாங்க. அதுவும் நான் குத்தற கொக்கியில. அதைப் போய் விடுங்கறீங்களே, உப்புப் போட்டுத்தான் சாப்பிடறீங்களா?"

மகள் நடுவில் வந்தாள். "அம்மா, நாளைக்கு ஏதாவது பண்ணி வெச்சிடாத. இருக்கிற ஒரு வேலையும் போயிடும்."

"நான் எதுவும் பண்ணமாட்டேன். ஒரு வார்த்தை கேப்பேன், அவ்வளவுதான்" என்றாள்.

விழா அன்று அந்த நீள அறை வாசனையாலும் புதுத் துணியாலும் நிறைந்திருந்தது. இயக்குநர் வரிசையின் கடைசியில் நின்றார். கறுப்புக் கோட்டு, பளபளக்கும் காலணி. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். அவளை அடையாளம் தெரியவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகங்களை எல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

"கொஞ்சம் மேலயே குத்துங்கம்மா. போட்டோல தெளிவாத் தெரியணும்" என்றார்.

"மூச்சை விடுங்க" என்றாள் அவள். துணியை உள்துணியோடு சேர்த்துப் பிடித்தாள். ஊசி முனையைத் துணியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, வெள்ளத்தன்னிக்குப் பாலத்துல வண்டி ஓட்டினது யாரு?"

"நம்ம ஆளுங்கதாம்மா. எல்லாம் நம்ம டீம்தான்."

"ஓட்டின ஆளுக்குப் பேரு இருக்குமே?"

"நிறைய பேரும்மா. யாருன்னு தனியாச் சொல்றது?"

"ஒரே வண்டி, ஒரே ஆளுதான் ஐயா. அவரைத்தான் நீங்க வேலையை விட்டு நிறுத்தினீங்க. நான் அவர் சம்சாரம்."

அவள் விரலுக்கு அடியில் அந்த நெஞ்சு சட்டென்று அசையாமல் நின்றது. சிரிப்பு மட்டும் முகத்தில் மாட்டியபடியே இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்ல நாளும் அதுவுமா இங்க எதுக்கும்மா அதெல்லாம்?"

"மேடையேறிச் சொல்ல வேண்டாம். மைக்ல சொல்ல வேண்டாம். இங்க நிக்கிற இந்த நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. போகாதேன்னது நான், போனது அவருன்னு ஒரு வார்த்தை. குத்திவிட்டுடறேன். என் கையால குத்தினா விழாது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விழா முடியட்டும். பார்க்கலாம்மா."

அந்த வார்த்தை.

அவள் துணியை விட்டாள். ஊசியோடு கொக்கியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அப்ப நீங்களே குத்திக்குங்க" என்றாள்.

கதவருகே விழா அதிகாரி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். சத்தம் போட்டால் அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கும். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்று, கொக்கியை நெஞ்சில் வைத்துத் தானே குத்திக்கொண்டார். மேல்துணியின் நூலை மட்டும் பிடித்துக் குத்தினார். ஊசி அங்கேயே வெளியே வந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'உள்துணியையும் சேர்த்துப் பிடிங்க' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றைக்கு அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பதக்கம் கனமானது. தலைவர் வளையத்தை மாட்டினார், கைகுலுக்கினார். இரண்டு பேரும் கேமரா பக்கம் திரும்பினார்கள். இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய வேகத்தில் நூல் விட்டுவிட்டது. பதக்கம் கொக்கியோடு சேர்ந்து தரையில் விழுந்து, ணங்கென்று சத்தம் போட்டு, மேடைப் படிகளில் உருண்டு முன்வரிசைக்குப் போனது. அதைப் பிடிக்கக் குனிந்த இயக்குநர், நாட்டின் தலைவர் தலையில் தன் தலையை மோதிக்கொண்டார். பாதுகாவலர்கள் ஓடி வந்தார்கள். நாடு முழுவதும் நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் நின்ற தோட்டக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவள் சிரிக்கவில்லை. அந்த ஆள் வாழ்க்கையில் அடுத்தவர் தலையில் கட்டாமல் தன் கையால் செய்த ஒரே வேலை இதுவாகத்தான் இருக்கும், அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே என்றுதான் நினைத்தாள்.

விழா அதிகாரி அவளைத் தன் அறைக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். மின்விசிறிக்குக் கீழே இயக்குநர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றி லேசாக வீங்கியிருந்தது.

"இந்தம்மாதான் குத்தினாங்க. அப்பவே எனக்குச் சந்தேகம். கை நடுங்கிச்சு" என்றார் கூசாமல்.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அண்டப் புளுகு என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் யோசித்தாள். கொக்கி குத்தியது இருபது பேர் கூடவே நின்ற அறையில். கண்ணாடி முன்னால் இவரே குத்தியதைப் பார்த்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அப்படியா, சரி, தெரியாமல் நடந்துவிட்டது, எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்று அதிகாரி முடித்துவிடுவார். இயக்குநர் கழுவிய கையோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

விழா அதிகாரி மேஜையில் தட்டினார். "சொல்லுங்க. நீங்கதான் குத்தினீங்களா?"

உத்தரவு கிடைத்ததா, மீறினாயா, வண்டி சேதமானதா. புருஷனிடம் கேட்ட கேள்விகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அதில் கேட்கப்படாமல் போன கேள்வியும் ஞாபகம் வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமா. நான்தான்" என்றாள்.

இயக்குநர் கையிலிருந்த டம்ளர் பாதியில் நின்றது. பொய் சொன்னவனுக்குத்தானே தெரியும் அது பொய் என்று. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கவில்லை, பயம் வந்தது.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்றார் அதிகாரி நம்ப முடியாமல். இத்தனை வருஷத்தில் அவள் குத்திய ஒன்றுகூட விழுந்ததில்லை என்று அவருக்கும் தெரியும்.

"வேணும்னேதான்."

"ஏன்?"

வந்துவிட்டது. புருஷனிடம் யாரும் கேட்காத கேள்வி. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

இயக்குநர் அவசரமாக எழுந்தார். "சார், விட்டுடுங்க. வயசானவங்க, ஏதோ கை தவறியிருக்கும். இதைப் பெரிசு பண்ண வேண்டாம்."

"அது எப்படி சார் விடறது?" அதிகாரி சீறினார். "தலைவர் தலை வீங்கியிருக்கு. நாடே பார்த்திருக்கு. வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. நாளைக்குக் காலையில முறைப்படி விசாரணை. இவங்க சொல்றது அத்தனையும் பதிவாகணும். நீங்களும் வந்தாகணும்." பிறகு அவளிடம் திரும்பி, "விசாரணை முடியற வரைக்கும் உங்களுக்கு வேலை கிடையாது. போங்க" என்றார்.

அவள் எழுந்தாள். கதவுப் பக்கம் இயக்குநரைக் கடந்து போகும்போது நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் செஞ்சதை நீங்க எடுத்துக்கிட்டீங்க. நீங்க செஞ்சதை நான் எடுத்துக்கிட்டேன். வேணும்னா நாளைக்கு வந்து, இல்ல, நான்தான் குத்தினேன்னு சொல்லுங்க. பார்க்கலாம்."

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பதக்கம் உருளுவதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா பண்ணிட்டு வந்திருக்க? ஒரு வார்த்தைதானே கேக்கப் போறேன்னு சொன்ன?"

"கேட்டேன். பதில் வரல. நாளைக்குக் காலையில விசாரணை வெச்சிருக்காங்க" என்றாள்.

புருஷன் டிவிக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"இது நீ குத்தினது இல்ல" என்றார்.

யாரும் கேட்காமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்து எவ்வளவு காலமாகிறது! மகள் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்துல போகாத பட்டையைத் தெச்சவ நீ. கத்தரி போட்டுத்தான் எடுத்தாங்க. இவ்வளவு சுளுவா விழுமா? யாரு குத்தினது?"

"அவரேதான்."

அவர் மறுபடி டிவியைப் பார்த்தார். மறுபடியும் பதக்கம் உருண்டது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்து அவள் கிட்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதைப் பார்த்து அவளுக்குத்தான் அழுகை வந்தது. வந்த அழுகையை மறைக்க, "போதும், பல்லு சுளுக்கிக்கப் போவுது" என்று திட்டினாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

"எங்க கிளம்பறீங்க?"

"நாளைக்கு விசாரணைன்னியே. நானும் வர்றேன். நீ குத்தலைன்னு சொல்ல வேண்டாமா?"

"அதை மட்டும் சொன்னீங்க, அங்கேயே கழுத்தை நெரிச்சிடுவேன். குத்தினது நான்தான். புரியுதா? நான் குத்தினேன்னு இருந்தாத்தான் ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா பாலத்தைச் சொல்லலாம். அவ்வளவு பாடுபட்டு அந்தக் கேள்வியை வாங்கிட்டு வந்திருக்கேன்."

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"உனக்கு வேலை போயிடுமே."

"போகட்டும். அவனை மாதிரி ஆளுங்களுக்குக் கொக்கி குத்தற வேலை இருந்தா என்ன, போனா என்ன? இத்தனை நாள் நான் ஒருத்திதான் கத்தினேன், யாரும் கேக்கல. பாலத்துல இருந்தது நீங்க. ரேடியோல அவன் குரலைக் கேட்டது நீங்க. நாளைக்கு நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் பொய் சொன்னதுக்கு அர்த்தமே இல்ல."

அவர் தலையாட்டினார். சட்டையின் மேல் பட்டன் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கி வாங்கி, ஊசியில் நூல் கோத்து, இத்தனை நாள் இதைச் சொல்ல என்ன கேடு என்று முணுமுணுத்துக்கொண்டே தைக்க உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தைப்பதைப் பார்த்தார்.

"அவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும், இல்லியா?" என்று கேட்டார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கேக்காததையும் சொல்லிட்டு வாங்க."